பாதி மலைக்கு ஏறிய மில்

யட்டியாந்தோட்டை பஸாரிலிருந்து ஆறு மைல் மேலே, மாகந்தைத் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில் முத்துவீரனைத் தெரியாதவர் கிடையாது. புதிதாக யாராவது குடிவந்தால் அவரே போய்த் தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வருவார். நாலு வார்த்தை என்பது பேச்சுக்கு. எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். சும்மா சொல்லக் கூடாது, சொல்வதற்கு அவரிடம் விஷயமும் இருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பதினாலு வயதில் ரப்பர் மரத்தில் கத்தி வைத்தவர். நாற்பத்தைந்து வருஷம் பால் வெட்டி, தோட்டம் கொடுத்த ஒற்றை அறைக் காம்பராவை மூன்று அறை வீடாக இழுத்துக் கட்டி, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் முடித்து, யார் வாசலிலும் போய்க் கைகட்டி நிற்காதவர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் தண்ணீர். வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் வேண்டுமானால் கீழே கிணறு வெட்டி மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும் என்று டவுனிலிருந்து வந்த சிங்கள இஞ்சினியர் மாத்தயா ஒருவர் படம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். முத்துவீரன் அந்தப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேல் மலை ஊற்றிலிருந்து பைப் இழுத்தார். பள்ளத்தைப் பார்த்துப் பைப்பை விட்டால் தண்ணீர் தானாக இறங்கி வரும் என்றார். வந்தது. அதுவும் எப்படி? கடைசிக் காம்பரா வாசலில் பைப்பைத் திறந்தால் வாளியே புரண்டு விழும். மேல் லயத்தில் சொட்டுகிற அதே தண்ணீர் கீழ் லயத்தில் சீறியது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு நம்பிக்கை மனதில் குந்திவிட்டது: மலையிலிருந்து எது வந்தாலும் கீழே வர வர அதற்குப் பலம் கூடும்.

அந்த நம்பிக்கையோடுதான் மாவு மில் வைத்தார்.

தோட்டத்துப் பெண்கள் ஒரு கிலோ மா அரைக்க பஸ் பிடித்து யட்டியாந்தோட்டைக்குப் போய், கடைவாசலில் கால் கடுக்க நின்று, அடுத்த பஸ்ஸுக்கு மழையில் நனைந்து வருவதை அவர் ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் கரண்ட் இருக்கிறது. சோறு அதில் வேகிறது, போன் அதில் உயிர் பிடிக்கிறது, உடுப்பு அதில் மடிப்புக் கலையாமல் நிற்கிறது. மா மட்டும் ஏன் பஸ் ஏறிப் போக வேண்டும்? வேலையிலிருந்து நின்றதும் கைக்கு வந்ததை அப்படியே கொண்டுபோய், பஸாரில் கருகிய மோட்டாருக்குச் சுருள் சுற்றும் கடை வைத்திருக்கும், ஊரே நானா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் கபூரிடம் பழைய மில் ஒன்றை வாங்கினார். கல், பெல்ட், இரண்டு குதிரைச் சக்தி மோட்டார், எல்லாம் சேர்த்து.

எங்கே வைப்பது? அதில் அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. அவருடைய வீடு மேல் வரிசையில். மீட்டர் அந்த வீட்டுச் சுவரில். மலைச்சரிவில் நானூறு அடி கீழே, ஓடைக்கரையில், அவருடைய பழைய மாட்டுக்கொட்டில் சும்மா கிடந்தது. அங்கே சீமெந்துத் தளம் போட்டு மில்லை நிறுத்தினார். வீடு கட்டியபோது மிஞ்சிய மெல்லிய வயரை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுக் கீழே வரைக்கும் இறக்கினார்.

"ஏங்க, வீட்டுப் பக்கத்துலயே வச்சா என்ன?" என்று கேட்டாள் மனைவி ஜெயம்மா. "அவ்ளோ தூரம் வயரு எதுக்கு?"

"ஒனக்கு ஒன்னும் தெரியாது ஜெயம்மா. எறக்கத்துல வந்தாத்தான் கரண்டுக்கு வேகம். தண்ணிய பாத்தீல்ல?"

கொட்டிலில் ஒரு பல்பை மாட்டிப் பார்த்தார். பளீரென்று எரிந்தது. டெஸ்டர் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதன் இரண்டு குச்சிகளையும் வயரில் வைத்தார். இருநூற்று முப்பது என்று காட்டியது. மேலே மீட்டர் பக்கத்தில் அளந்தபோதும் அதேதான். "பாத்தியா? நானூறு அடி வந்தும் ஒரு சொட்டு சிந்தல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டம். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மாவிளக்கு. கோயில் செயலாளர் கிருஷ்ணகுமார், எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கட்டி வழக்கம்போல பஸாருக்கு அனுப்பலாம் என்றார். முத்துவீரன் எழுந்து நின்றார்.

"நம்ம தோட்டத்துல மில்லு இருக்கையில அம்மனுக்கு மாவு பஸ்ஸுல வரணுமா? வெள்ளிக்கெழம காலையில என் மில்லுல அரைக்கிறோம். இது முத்துவீரன் சொல்லு."

"மாமா, மில்லு இன்னும் ஒரு தடவகூட ஓடலையே?"

"ஓடாத மில்ல எவனாவது வாங்குவானா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். கிருஷ்ணகுமார் நோட்டில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் சுவிட்சைப் போட்டார். மில் ஓடவில்லை. மோட்டார் "ம்ம்ம்" என்று முனகியது. பல்பு மங்கிச் சிவந்து பழுத்த மிளகாய் மாதிரி ஆனது. ஒரு தள்ளுத் தள்ளினால் கிளம்பிவிடும் என்று பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டார். பெல்ட் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. முனகல் நிற்கவில்லை. மெதுவாக ஒரு நாற்றம் எழுந்தது; பிறகு புகை வந்தது. சுவிட்சை அணைப்பதற்குள் மோட்டாரின் அடிவயிறு கருகியிருந்தது.

மறுநாள் மோட்டாரையும் வயரில் ஒரு துண்டையும் சாக்கில் கட்டி முதல் பஸ்ஸில் கபூர் நானாவின் கடைக்குக் கொண்டுபோனார். கபூர் மோட்டாரைப் பிரித்து, உள்ளே எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"என்ன அண்ணன் செஞ்சீங்க? சுருளெல்லாம் கரியாப் போய் ஈக்குது. நான் சுத்தித் தாறன், இன்டைக்கும் நாளைக்கும் இரிந்து முடிச்சிருவன். ஆனா இது பழைய இரும்பு. இன்னொரு தடவ கருகினா என்கிட்ட கொண்டு வராதீங்க. நேரா இரும்புக்காரன்ட போங்க."

இன்னொரு மோட்டார் வாங்க இந்தப் பிறவியில் முத்துவீரனால் முடியாது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"கரண்டுல கொற இல்ல நானா. இருநூத்தி முப்பது வருது. நானே அளந்தேன். மோட்டாரு தகட்டுல ஆயிரத்து நானூத்தி நாப்பதுன்னு போட்ருக்கு. ஒருவேளை அவ்ளோ கேக்குதோ?"

கபூர் சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். "அது சுத்து அண்ணன். நிமிசத்துக்கு அத்தன சுத்து சுத்தும். கரண்டு இங்க ஈக்குது, பாருங்க. இருநூத்தி முப்பது வோல்ட். வோல்ட்டுண்டா தள்ளு. இது பத்து அம்பியர். அம்பியருண்டா ஓட்டம், எவ்வளவு ஓடுதுண்டு. ரெண்டையும் பெருக்கினா வாட்ஸ். அதுதான் வேலை."

மூன்றாம் வகுப்பு என்றாலும் பெருக்கலில் முத்துவீரனை அசைக்க முடியாது. மனதுக்குள் பெருக்கினார். இரண்டாயிரத்து முந்நூறு. தகட்டைப் பார்த்தார். ஆயிரத்து ஐந்நூறு வாட்ஸ் என்றுதான் கபூர் விரலை வைத்துக் காட்டினார்.

"கணக்கு ஒதைக்குதே நானா. மிச்சம் எண்ணூறு எங்க?"

"மோட்டாரும் கொஞ்சம் தின்னும் அண்ணன். கொஞ்சம் சூடாப் போகும். மத்தது..." கபூர் காதைச் சொறிந்தார். "மத்தது வேற கதை. அத உட்டுருங்க. உங்கட வியாதி வயருல. கொண்டு வந்தீங்களே, இந்தத் துண்டப் பாருங்க, நூல் மாதிரி. இது பல்புக்குப் போடுறது. பல்பு குடிக்கிறது ஒரு சிரட்டை. மோட்டாரு கிளம்பக்கொள்ள குடிக்கிறது ஒரு பீப்பா. நானூறு அடிக்கு நூல்ல பீப்பாத் தண்ணி வருமா?"

இது முத்துவீரனுக்கு உடனே விளங்கியது. பைப் விஷயம் அவரிடமா? தூரத்திலிருந்து வரும் அரை அங்குல பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் விரலையே தள்ளும். விரலை எடுத்தால் நூலாக ஒழுகும். அப்படியென்றால் டெஸ்டர் காட்டியது விரல் வைத்த தள்ளு! மோட்டார் நின்றுகொண்டிருக்கும்போது பார்த்தால் இருநூற்று முப்பதுதான் காட்டும். அடடா, இதை யாரும் சொல்லித் தராமல் அவரே கண்டுபிடித்துவிட்டார். சந்தோஷத்தில் கபூரின் தோளில் ஓங்கித் தட்டினார்.

ஆனால் பாதையில் இறங்கி நடக்க நடக்க ஒரு குழப்பம் முளைத்தது. பைப் சின்னதாக இருந்தாலும் இறக்கத்தில் வருகிறதே, அந்த இறக்கத்தின் பலம் எங்கே போனது? திரும்பிப் போய்க் கேட்கலாம் என்று நினைத்தார். கேட்டால் தெரியாதவன் என்றாகிவிடும். கேட்காமலே பஸ் ஏறினார்.

புதன்கிழமை மோட்டார் தயாரானது. மின்சாமான் கடையில் கபூர் சொன்ன தடிப்பில் வயர் ஒரு சுருள் வாங்கினார். நானூறு அடிக்கு ஒற்றை இழை. கடைக்காரர், "ஒன்னு போதுமா? ரெண்டு போகணுமே?" என்றார். முத்துவீரன் சிரித்துக்கொண்டார். வயர் இரண்டு என்பது அவருக்குத் தெரியாதா? ஒன்று கரண்டைக் கொண்டுவருகிறது, மற்றது திரும்பக் கொண்டுபோகிறது. வருகிற தண்ணீருக்குப் பெரிய பைப் வேண்டும், சரி. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற கானுக்கு யாராவது அவ்வளவு பெரிய பைப் போடுவார்களா? வேலை செய்து களைத்துப் போன கரண்ட், மெல்லிய வயரில் மெதுவாகத் திரும்பிப் போனால் யாருக்கு என்ன நட்டம்?

வியாழக்கிழமை விடிந்ததும் வருகிற வயரை மட்டும் மாற்றினார். போகிற வயர் பழைய நூல்தான். ஜெயம்மா மேலே மீட்டர் பக்கத்தில் நின்றாள். முத்துவீரன் கீழே, அம்மனை நினைத்துச் சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் இந்தத் தடவை கொஞ்சம் அசைந்தது. கிழவன் கட்டிலிலிருந்து எழுவதுபோல ஒரு சுற்று, அரைச் சுற்று. பிறகு மறுபடியும் அதே "ம்ம்ம்".

கையில் சுவிட்சைப் பிடித்தபடியே இருந்ததால் உடனே அணைத்துவிட்டார். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். சூடு ஏறியிருந்தது, நாற்றம் இல்லை. நாளைக் காலையில் அறுபது வீட்டு அரிசி வரும். ஊறவைத்த அரிசி. அதைத் திருப்பி அனுப்ப முடியாது. இன்னொரு தடவை சுவிட்சைப் போடத் துணிச்சலும் இல்லை.

ஜெயம்மா சரிவில் இறங்கி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, எறக்கத்துல வேகமா வரலையா?"

"சும்மா இரு புள்ள."

"நானாவுக்குப் போன் போடுங்களேன்."

"போட்டு என்ன சொல்றது?"

"தெரியலன்னு சொல்லுங்க. ஒரு நாளைக்குச் சொன்னா நாக்கு அழுகிறாது."

ஜெயம்மா அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அவளே பேசினாள்.

மத்தியானம் கபூர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மேலிருந்து கீழே வரைக்கும் வயரைப் பார்த்துக்கொண்டே நடந்துவந்தார். கொட்டிலை அடைந்தபோது அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

"அண்ணன், ஒன்னு தடிப்பு, ஒன்னு மெல்லிசு. ஏன்?"

"அது திரும்பிப் போற வயரு நானா. கழிவுதானே போகுது?"

"அல்லாவே! கழிவில்ல அண்ணன். வாற அத்தன அம்பியரும் போகணும். பத்து வந்தா பத்து போகும். ஒம்பதரை போகாது. போற வழி அடைச்சா வாறதும் வராது. ஒரே வட்டம்."

"பத்து வந்து பத்தும் திரும்பிப் போயிருதா?"

"ஓம்."

"அப்ப இங்க எத வச்சு அரைக்கிறது?"

கபூர் தன் டெஸ்டரை எடுத்து வயரில் வைத்தார். இருநூற்று இருபத்தெட்டு. "கண்ணிமைக்கிற நேரம் சுவிட்சப் போட்டு எடுங்க" என்றார். முத்துவீரன் போட்டு எடுத்தார். எண் தடாலென்று விழுந்து நூற்று ஐம்பதுக்குக் கிட்டத்தில் தடுமாறி, மறுபடி ஏறியது. கண்ணுக்கு முன்னால் எண்பது வோல்ட் காணாமல் போய்த் திரும்பி வந்துவிட்டது. சாமி ஊர்வலத்தில் செருப்புத் தொலைத்தவன்போல முத்துவீரன் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அது எங்க போச்சு?"

"வயருல. தள்ளெல்லாம் வயருலேயே களைச்சிப் போகுது."

"எறக்கம்தானே நானா? எறக்கத்துல ஏன் களைக்குது?"

அப்போதுதான் மில் ஏன் இந்தப் பள்ளத்தில் கிடக்கிறது என்று கபூருக்கு விளங்கியது.

"அண்ணன், கரண்டுக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. மலையில ஏத்தினாலும் கெணத்துல எறக்கினாலும் ஒன்னுதான். அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. எவ்வளவு தூரம், எவ்வளவு தடிப்பு."

முத்துவீரன் மலையை அண்ணாந்து பார்த்தார். கம்பத்துக் கம்பிகள் மேலே மேலே ஏறிப் போய் உச்சி லயத்தில் முடிந்தன. உச்சி லயத்திலும் பல்பு எரியத்தான் செய்கிறது. தினமும் பார்க்கிறதுதான். ஒரு நாளும் அது இப்படிக் கண்ணில் பட்டதில்லை.

"இப்ப என்ன செய்ய?" என்றார். தானா அப்படிக் கேட்டது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இதே தடிப்புல இன்னொரு சுருள் வேணும். கடைல ஒன்னுதான் இருந்திச்சி. கொழும்புல இருந்து திங்கக்கெழமதான் வரும்."

ஜெயம்மா தடித்த வயரைக் கையில் எடுத்தாள். கொடிக்கயிற்றை மடிப்பதுபோல அதை மடித்துப் பார்த்தாள்.

"நானா, இத சரிபாதியா வெட்டி ரெண்டையும் கட்டுனா?"

"பாதித் தூரந்தான் வரும் தாத்தா" என்றார் கபூர். அவர் வீட்டுப் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

"அப்ப மில்லப் பாதித் தூரத்துக்குத் தூக்குவோம். அவரு போஞ்சிப் பாத்தியும் வெறகுக் கொட்டிலும் நடு மலையிலதானே இருக்கு?"

கபூர் நடு மலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "தூரமும் பாதி, ரெண்டும் தடிப்பு. ஓடும் அண்ணன், ஓடும்" என்றார்.

முத்துவீரன் தன் சீமெந்துத் தளத்தைப் பார்த்தார். அவரே குழைத்துப் போட்டது. ஓரத்தில் குச்சியால் தன் பெயரையும் எழுதியிருந்தார். மில்லை மேலே தூக்கினால் தோட்டமே பார்க்கும். தூக்காவிட்டால் மோட்டார் கருகும், நாளைக்கு அரிசி வந்து நிற்கும்.

"வெட்டு" என்றார் ஜெயம்மாவிடம்.

வேலை விட்டு வந்த ஆறு பேர் மூங்கிலைக் கொடுத்து மில்லைத் தூக்கினார்கள். மேல் பிரிவில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிருஷ்ணகுமாரும் ஒரு மூங்கில் முனையில் தோள் கொடுத்திருந்தார்.

"மாமா, எறக்கிவச்ச மில்ல எதுக்கு ஏத்துறோம்?"

"கரண்டுக்கு மேடு பள்ளம் கெடையாது தம்பி" என்றார் முத்துவீரன், பிறந்ததிலிருந்தே அது தெரிந்தவர் மாதிரி. "தூரமும் தடிப்புந்தான். ஒங்க பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்க மாமா. நீங்கதான் கேக்கல."

சிரிப்பில் மூங்கில் ஆடியது. முத்துவீரனும் சிரித்ததுபோல ஒன்று செய்தார்.

போஞ்சிப் பாத்தியில் பாதிக் கொடிகள் மிதிபட்டுப் போயின. கபூர் விறகுக் கொட்டிலில் புதுச் சுவிட்சும், கோளாறு வந்தால் தானாக விழும் ட்ரிப்பும் பூட்டி, தரையில் எர்த் கம்பியும் அடித்தார். பொழுது சாய்வதற்குள் சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் முனகவில்லை. "உர்" என்று எடுத்து ஒரே ஓட்டம். ஆனால் வெறும் மில். அரிசி விழுந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. கபூர் ஆட்டோவில் ஏறும்போது முத்துவீரன் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நானா, ஒன்னே ஒன்னு. வந்ததெல்லாம் திரும்பிப் போகுதுன்னா, மீட்டருல யூனிட்டுன்னு ஓடுதே, அது எது?"

"ஆயிரம் வாட்ஸ் ஒரு மணித்தியாலம் வேல செஞ்சா ஒரு யூனிட். உங்கட மில்லு ஓடினா மணிக்கு ரெண்டு யூனிட் போகும்ண்டு வைங்க."

"அது கணக்கு. சாமான் எது?"

ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.

"முப்பது வருசம் மோட்டாரு சுத்துறன் அண்ணன். இத யாரும் கேக்கல. நானும் கேக்கல" என்று சொல்லிவிட்டுக் கபூர் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் நடு மலையில் வரிசை நின்றது. ஈர அரிசி வாளிகள், தூக்குச்சட்டிகள், வாழையிலை மூடிய பாத்திரங்கள். முத்துவீரன் குளித்து விபூதி பூசி வந்திருந்தார். சுவிட்சைப் போட்டுவிட்டு, முதல் பிடி அரிசியைத் தானே புனலில் போட்டார். கல்லின் சத்தம் மாறியது, கனத்தது. மோட்டார் ஒரு மூச்சு இறங்கியது. டெஸ்டரை வைத்தார். இருநூற்று இருபது. எண் அங்கேயே நின்றது. புனலுக்குக் கீழே, முதலில் தூசி மாதிரி, பிறகு விரல் தடிப்பில், வெள்ளை வெளேரென்று மா தட்டில் இறங்கியது.

ஜெயம்மா ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். "நைசா இருக்குங்க" என்றாள். கிருஷ்ணகுமார் முதல் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு ஏறினார்.

முத்துவீரன் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். கன்றுக்குட்டியின் வயிறு மாதிரி வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கண்ணை இரண்டு வயர்களின் மேல் ஓடவிட்டார். இரண்டும் ஒரே தடிப்பு, ஒரே நிறம். ஒன்றில் பத்து வருகிறது, மற்றதில் பத்தும் போகிறது. எல்லாம் திரும்பிப் போகிறதென்றால் இந்தக் கைச்சூடு யாருடையது? இந்த மா எதனால் ஆனது? ஒருவேளை மீட்டர் எண்ணுவது இதைத்தானோ? போகாமல் இங்கே தங்கிவிடுகிற சூட்டையும் சுற்றலையும்? இருக்கும் என்று தோன்றியது. உடனே, அது எப்படி, வயரில் வராத சாமான் இங்கே எப்படித் தங்கும் என்றும் தோன்றியது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எதை எண்ணுகிறோம் என்று பாதியில் மறந்துபோனது.

"மாமா! தட்டு ரொம்பி மா தரையில கொட்டுது!" என்று வரிசையில் முன்னால் நின்ற பெண் கத்தினாள். "கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறீங்களா?"

"தூங்கல புள்ள, கணக்குப் பாக்குறேன்" என்று சொல்லி, முத்துவீரன் நிரம்பிய தட்டை இழுத்துவிட்டு அடுத்ததை வைத்தார்.